கடலில் ஒரு சிறு பியூஸ்: எங்கள் படகுகளின் 12 வோல்ற் மின் இணைப்பு பற்றி அறிந்திருக்க வேண்டியவை

பருத்தித்துறைப் பக்கக் கரையொன்றில் சில மாதங்களுக்கு முன் வயதான கடற்றொழிலாளர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். அவரது பைபர் படகின் பின்பக்கத்தில், பற்றரிப் பெட்டி இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய தழும்பு ஒன்று இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"தம்பி, லைற் எரிஞ்சால் காணும் எண்டுதான் நாங்கள் நினைக்கிறது. வயரும் எரியும் எண்டு ஆர் நினைச்சது?" என்றார்.

நடுக்கடலில், இரவு ஒரு மணிக்கு, வலை போட்டுவிட்டுக் காத்திருந்தபோது பற்றரியிலிருந்து போன வயர் பெட்டியின் விளிம்பில் உரசி உரசித் தோல் கழன்றிருக்கிறது. கடல் நீர் பட்ட சாக்கைப் போட்டு மூடி, வயரைக் கத்தியால் வெட்டி அணைத்திருக்கிறார்கள். பெற்றோல் கான் நான்கு அடி தள்ளி இருந்தது. அந்த இணைப்பில் பியூஸ் இருந்ததா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "பியூஸ் இருந்தது. அது எரிஞ்சு எரிஞ்சு போகுது எண்டு பொடியன் செப்புக் கம்பி சுத்தி விட்டவன்."

இந்தக் கட்டுரை அந்தச் செப்புக் கம்பியைப் பற்றியது. படகில் பற்றரி, வயர், பியூஸ் ஆகியவற்றை எப்படி இணைப்பது, ஏன் அப்படி இணைப்பது என்பதை, கடலுக்குப் போகிறவர்களும் அவர்களுக்கு வயரிங் செய்து கொடுப்பவர்களும் புரிந்துகொள்ளும் வகையில் தொகுத்துத் தர முயன்றிருக்கிறேன்.

இருட்டில் பழகிய கடல்

1990 யூனுக்குப் பின்னர் யாழ். குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற்போனது. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் அடங்கின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகளை எங்களில் பலர் கண்டிருக்கிறோம். காணாதவர்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. கிளாலிக் கடலேரியை மக்கள் இரவில், விளக்கில்லாமல் கடந்தார்கள். விளக்கு எரிந்தால் உயிர் போகும் என்ற காலம் அது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் தொழில் செய்தவர்களுக்கு நேரத்துக்கும் தூரத்துக்கும் இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் வரம்பு இருந்தது. மயிலிட்டி போன்ற பெருந்துறைகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் மூடப்பட்டிருந்தன. மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 யூலையில்தான். அத்தகைய சூழலில் படகில் மின் இணைப்பு என்ற ஒன்றைப் பற்றி யாரும் கற்கவோ கற்பிக்கவோ வாய்ப்பிருக்கவில்லை.

2009 இற்குப் பின்னர் நிலைமை மாறியது. பதினெட்டு முதல் இருபத்துமூன்று அடி வரையான பைபர் படகுகளில் இன்று ஜீ.பி.எஸ், எல்.ஈ.டி விளக்கு, கைத்தொலைபேசி மின்னேற்றி, சிலவற்றில் மீன் காட்டும் கருவி, வானொலித் தொடர்புக் கருவி, நீர் இறைக்கும் பம்ப் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டன. பொருட்கள் வந்த வேகத்தில் அவற்றை இணைக்கும் அறிவு வரவில்லை. முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வயரிங் செய்த பழக்கத்திலேயே படகுக்கும் செய்கிறோம்.

இல்லாததை வைத்துச் சமாளிக்கும் திறமை எங்களைப் போர்க்காலத்தில் வாழவைத்தது. ஆனால் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்புக் கம்பி சுற்றுவதும் அதே பழக்கத்தின் தொடர்ச்சிதான். இந்த ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டியிருக்கிறது.

12 வோல்ற்தானே, என்ன செய்யும்?

வீட்டு மின்சாரம் 230 வோல்ற். தொட்டால் ஆளைக் கொல்லும். பற்றரி 12 வோல்ற். தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆகவே அது ஆபத்தற்றது என்று நினைத்துவிடுகிறோம். பற்றரியின் ஆபத்து மின்னதிர்ச்சியில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது.

ஒரு சாதாரண வாகனப் பற்றரியிலிருந்து 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் இரண்டு மீற்றர் தூரம் போய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போக இரண்டு, வர இரண்டு, மொத்தம் நான்கு மீற்றர். அந்த வயரின் தடை ஏறத்தாழ 0.046 ஓம். பற்றரியின் உள்தடை 0.01 ஓம் என்று கொண்டால், அந்த முனையில் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொட்டவுடன் பாயும் மின்னோட்டம் 200 அம்பியருக்கு மேல். வயருக்குள் உருவாகும் வெப்பம் 2,000 வாற்றைத் தாண்டும். ஒரு மின் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைக்கும் வெப்பத்தைவிட அதிகமான வெப்பம், சணல் கயிற்றின் பருமன்கூட இல்லாத வயருக்குள் அடைபடுகிறது. சில வினாடிகளில் வயரின் பிளாஸ்ரிக் தோல் உருகி எரியத் தொடங்கும். எங்கள் படகுகள் செய்யப்பட்டிருக்கும் பொலியெஸ்ரர் பிசின் எரியக்கூடியது. தீப்பிடித்தால் கரும்புகையுடன் எரியும்.

நிலத்தில் என்றால் வாகனத்தை நிறுத்திவிட்டு இறங்கி ஓடலாம். கடலில் இறங்கி எங்கே ஓடுவது?

பியூஸ் எதைக் காக்கிறது?

பலரும் பியூஸ் ஜீ.பி.எஸ்ஸைக் காக்கிறது, பல்பைக் காக்கிறது என்று நினைக்கிறார்கள். பியூஸின் முதல் வேலை வயரைக் காப்பது. வயர் தாங்கக்கூடிய மின்னோட்டத்தை மீறும்போது, வயர் எரிவதற்கு முன் பியூஸ் எரிய வேண்டும். இந்த ஒரு வசனம் விளங்கினால் மற்றவை எல்லாம் அதிலிருந்தே வரும்.

முதலாவதாக, பியூஸை வயரின் எந்த முனையில் வைப்பது என்பது. கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள வயர் முழுவதும் பாதுகாப்பற்றது. அந்த நீளத்தில் எங்கே தோல் கழன்று சோட் ஆனாலும் பியூஸுக்கு அது தெரியவே வராது. ஆகவே பியூஸ் பற்றரியின் நேர்முனைக்கு அருகில் இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுத் தர விதிகள் இந்தத் தூரத்தைப் பொதுவாக 7 அங்குலம், அதாவது ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் என்று சொல்கின்றன. வயர் உறைக்குழாய்க்குள் போகும்போது சில விதிவிலக்குகள் உண்டு. எங்கள் படகுகளுக்கு ஒரு சாண் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது.

இரண்டாவதாக, பற்றரியின் நேர்முனையில் எத்தனை வயர் தொடுகிறதோ அத்தனைக்கும் பியூஸ் வேண்டும். ஜீ.பி.எஸ்ஸுக்குப் பியூஸ் போட்டுவிட்டு, தொலைபேசி மின்னேற்றிக்கான வயரை நேரடியாக முனையில் செருகி வைப்பது பல படகுகளில் காணப்படுகிறது. இயந்திரத்திலிருந்து பற்றரியை மின்னேற்ற வரும் வயரும் இந்தக் கணக்கில் அடங்கும். மின் தொடக்கி உள்ள இயந்திரங்களில் தொடக்கிக்கான தடித்த வயர் மட்டுமே வழக்கமான விதிவிலக்கு.

மூன்றாவதாக, பியூஸின் அளவு வயரைப் பொறுத்தது. கருவி குறைவாக இழுத்தால் பியூஸைக் குறைக்கலாம். ஆனால் வயர் தாங்கும் அளவுக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் கூட்டக்கூடாது.

படகு வாகனம் அல்ல

வாகனத்தில் வயரிங் செய்து பழகியவர்கள் படகில் விடும் முக்கியமான தவறு ஒன்றிருக்கிறது. வாகனத்தில் இரும்பு உடலே எதிர்முனை வயராக வேலை செய்கிறது. நேர்முனைக்கு ஒரு வயர் இழுத்து, மறுபக்கத்தை உடலில் ஓர் ஆணியில் முறுக்கிவிட்டால் போதும். பைபர் படகின் உடலில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு கருவிக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர் என்று இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே பருமனில் இருக்க வேண்டும். இயந்திரத்தின் உடலை எதிர்முனையாகப் பயன்படுத்தினால், ஈரமான உப்புச் சூழலில் மின்னரிப்பு ஏற்பட்டு உலோகம் தின்னப்படும். படகைவிட இயந்திரம்தான் விலை கூடியது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓர் எளிய அமைப்பு

சிறிய படகு ஒன்றுக்குப் போதுமான ஒழுங்கு இது:

1. மூடியுள்ள, காற்றோட்டமுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் பற்றரி. பெட்டி படகோடு பட்டியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். அலையில் பற்றரி புரளக்கூடாது.

2. நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 30 அம்பியர் பிரதான பியூஸ். அதிலிருந்து 6 சதுர மில்லிமீற்றர் வயர்.

3. அடுத்து, எல்லாவற்றையும் ஒரே திருப்பில் துண்டிக்கும் பிரதான சுவிற்ச். இருட்டில் கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

4. அங்கிருந்து நீர் தெறிக்காத உயரமான இடத்தில் ஆறு வழிப் பியூஸ் பெட்டி. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பியூஸ், தனி வயர்.

5. எல்லா எதிர்முனை வயர்களும் ஒரு பொதுக் கட்டையில் சேர்ந்து, ஒரு 6 சதுர மில்லிமீற்றர் வயராகப் பற்றரியின் எதிர்முனைக்கு.

தனித்தனிப் பியூஸ் ஏன் என்றால், பம்ப் பழுதாகி அதன் பியூஸ் எரிந்தாலும் விளக்கும் ஜீ.பி.எஸ்ஸும் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பியூஸ் என்றால் ஒரு சின்னப் பழுது முழுப் படகையும் இருட்டாக்கிவிடும்.

பாதுகாப்பான பக்கம் நின்று சொல்வதானால், 1.5 சதுர மில்லிமீற்றர் வயருக்கு 10 அம்பியருக்கும், 2.5 இற்கு 15 இற்கும், 4 இற்கு 20 இற்கும் மேல் பியூஸ் போட வேண்டாம். வாகனங்களில் வரும் தட்டைப் பியூஸ்கள் உலகெங்கும் நிறத்தால் அடையாளம் காணப்படுகின்றன: 3 அம்பியர் ஊதா, 5 மங்கிய பழுப்பு, 7.5 கடும் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. இருட்டில் ரோர்ச் வெளிச்சத்தில் மாற்ற வேண்டி வரும்போது இந்த நிற அறிவு உதவும்.

வயர் மெலிந்தால் விளக்கும் மங்கும்

வயரின் பருமனைத் தீர்மானிப்பதில் தீ மட்டும் விடயம் அல்ல. மெல்லிய வயர் வழியிலேயே வோல்ற்றைத் தின்றுவிடும். 230 வோல்ற்றில் அரை வோல்ற் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ற்றில் ஒரு வோல்ற் குறைந்தால் ஜீ.பி.எஸ் அணைந்து எரியும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் ஒரு மீற்றருக்கு 0.0172 ஓம் தடை தரும். அதைப் போய்வரும் மொத்த நீளத்தால் பெருக்கி, வயரின் பருமனால் வகுத்து, மின்னோட்டத்தால் பெருக்கினால் எத்தனை வோல்ற் இழப்பு என்று வரும்.

பின்பக்கத்திலுள்ள பற்றரியிலிருந்து அணியத்துக்கு ஐந்து மீற்றர் என்று கொள்வோம். மொத்தம் பத்து மீற்றர். 4 அம்பியர் இழுக்கும் விளக்குக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்தால் 0.9 வோல்ற் வழியில் போய்விடும். 1.5 என்றால் 0.46 வோல்ற். 2.5 என்றால் 0.28 வோல்ற். வழிகாட்டும் விளக்குகளுக்கும் ஜீ.பி.எஸ்ஸுக்கும் இழப்பு 3 வீதத்தை, அதாவது 0.36 வோல்ற்றைத் தாண்டக்கூடாது என்பது படகுத் தரங்களில் உள்ள அளவு. மற்றவற்றுக்கு 10 வீதம் வரை பொறுக்கலாம். ஆகவே இந்த உதாரணத்தில் 2.5 தான் சரி.

வயரிங் நல்லதா என்று பார்க்க மல்ற்றிமீற்றர் ஒன்று போதும். விளக்கை எரிய விட்டுப் பற்றரி முனையில் ஒரு தடவையும், விளக்கின் முனையில் ஒரு தடவையும் அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பு. போன வருடம் 0.3 ஆக இருந்தது இந்த வருடம் 0.8 என்றால் எங்கோ ஓர் இணைப்பை உப்புத் தின்கிறது என்று பொருள்.

உப்பு என்ற எதிரி

வீட்டு வயரிங்கில் பயன்படும் ஒற்றைத் தடிக் கம்பியைப் படகில் பயன்படுத்தக்கூடாது. இயந்திரத்தின் அதிர்வில் அது முறிந்துவிடும். பல இழைகள் கொண்ட நெகிழ் வயரே வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசிய கடல் வயர் கிடைத்தால் நல்லது. பூசாத செப்பு வயரின் முனையில் உப்பு நீர் ஏறினால், தோலுக்குள்ளேயே பல அங்குலத்துக்குக் கறுத்துவிடும். வெளியில் பார்த்தால் புதிது போலிருக்கும்.

இரண்டு வயரை முறுக்கி ரேப் சுற்றுவது கடலில் நிலைக்காது. லக் போட்டு, அதற்கான குறட்டால் நெரித்து, பசையுள்ள சுருங்கும் குழாயைச் சூடாக்கி மூட வேண்டும். ஈயம் மட்டும் பற்றவைத்த இணைப்பு, பற்றவைத்த இடம் முடியும் புள்ளியில் அதிர்வால் முறியக்கூடும். பற்றரி முனைகளை இறுக்கிய பின் வசிலின் அல்லது கிறீஸ் பூசுங்கள். எந்தக் கருவிக்கும் வயர் மேலிருந்து நேராக இறங்கக்கூடாது. சற்றுக் கீழே தொங்கி மேலேறிச் செல்ல வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் கருவிக்குள் போகாமல் கீழே சொட்டும். விளிம்பில் உரசும் இடங்களில் பழைய இறப்பர்க் குழாய்த் துண்டைப் பிளந்து மாட்டினாலே போதும். நான் கண்ட அந்தக் கருகிய தழும்பு அந்த ஒரு துண்டு இறப்பர் இல்லாததால் வந்தது.

ஓர் இரவுக்கு எவ்வளவு பற்றரி?

மாலை ஆறு மணி முதல் அதிகாலை நான்கு மணிவரை பத்து மணிநேரம் என்று கணக்கிடுவோம். எல்.ஈ.டி வழிகாட்டும் விளக்குகள் அரை அம்பியர் வீதம் 5 அம்பியர் மணி. ஜீ.பி.எஸ் அதேபோல 5. வலை இழுக்கும்போது எரியும் 20 வாற் வேலை விளக்கு நான்கு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 7. தொலைபேசி மின்னேற்ற 3. வானொலித் தொடர்புக் கருவி கேட்டுக்கொண்டிருக்க 4. பேசவும் பம்ப் ஓடவும் ஒன்றரை. மொத்தம் 26 அம்பியர் மணிக்குச் சற்றுக் குறைவு.

ஈயப் பற்றரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும். ஆகவே 60 அம்பியர் மணிப் பற்றரி தேவை. வேலை விளக்கு பழைய 55 வாற் ஹலோஜன் என்றால் அது மட்டுமே 18 அம்பியர் மணியைக் குடிக்கும். அப்போது 60 போதாது.

ஒன்றையும் இணைக்காமல் ஓய்வில் அளக்கும்போது 12.7 வோல்ற் என்றால் பற்றரி நிறைவு. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் ஏறக்குறைய வெறுமை. கடலுக்குப் போக முன் இந்த ஓர் அளவைப் பார்க்கும் பழக்கம் பல இரவுகளைக் காப்பாற்றும்.

பற்றரி இறந்தால் என்ன நடக்கும் என்பது வட கடலில் தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். 1974 இல் பாக்கு நீரிணையில் வரையப்பட்ட கடல் எல்லைக்கோடு, காங்கேசன்துறையிலிருந்து வடக்கே இருபது கடல்மைலுக்கும் குறைவான தூரத்தில் போகிறது. இயந்திரமும் ஜீ.பி.எஸ்ஸும் ஒன்றாகக் கைவிட்டால் நீரோட்டம் படகை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. வெள்ளி பார்த்துத் திசை சொன்ன தலைமுறை குறைந்துகொண்டு வருகிறது.

விளக்கு: எங்களை மற்றவர் காண

1972 ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, 12 மீற்றருக்குக் குறைந்த இயந்திரப் படகு ஓடும்போது நாற்புறமும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும், இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் காட்ட வேண்டும். வெள்ளை இரண்டு கடல்மைலுக்கும் பக்க விளக்குகள் ஒரு கடல்மைலுக்கும் தெரிய வேண்டும். 7 மீற்றருக்குக் குறைந்து, மணிக்கு 7 கடல்மைலுக்கு மேல் ஓட முடியாத படகுக்கு மட்டும் வெள்ளை ஒன்றே போதும். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய எங்கள் படகுகள் அதைவிட வேகமாக ஓடுபவை.

வலை போட்டிருக்கும் படகு மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் காட்ட வேண்டும். இழுவைமடிப் படகு மேலே பச்சையும் கீழே வெள்ளையும். வலை 150 மீற்றருக்கு மேல் நீண்டிருந்தால் அது நீண்டிருக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கும் வேண்டும்.

இலங்கையில் இழுவைமடித் தொழில் 2017 இல் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆனாலும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளால் வலைகளை இழந்த குடும்பங்கள் இந்தக் கரைகளில் ஏராளம். அந்த அரசியலுக்கு ஒரு விளக்கு தீர்வாகாது. ஆனால் தன் எடையைப்போலப் பல மடங்கு எடையுள்ள படகு இருட்டில் எதிரே வரும்போது, சிறு படகு வெளிச்சத்தில் இருப்பது உயிர்ப் பிரச்சினை. விளக்கு எரிவதைக் குற்றமாக நினைக்கப் பழகிய கடலில், விளக்கைப் பாதுகாப்பாகக் கருதப் பழகுவதற்கு இன்னும் காலம் எடுக்கிறது.

குளிர்க் கடலில் எங்கள் உறவுகள்: டீசல் ஹீற்றர்

எண்பதுகளிலிருந்து நோர்வேயின் வடகோடியான பின்மார்க் பகுதியில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் ஈழத்தமிழர் பலர் வேலை செய்திருக்கிறார்கள். அங்கும், ஐரோப்பாவின் பிற குளிர்க் கடல்களிலும் கால்வாய்களிலும் படகுகளில் டீசல் ஹீற்றர் பூட்டுவது சாதாரணம். புலம்பெயர்ந்த வாசகர்களுக்காக அதைப் பற்றியும் சில வார்த்தைகள், ஏனெனில் மேலே சொன்ன விதிகள் எல்லாம் அங்கே இன்னும் கூர்மையாகப் பொருந்துகின்றன.

டீசல் ஹீற்றர் ஓடும்போது ஓரிரு அம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும்போது டீசலைப் பற்றவைக்கும் சூட்டுமுனை சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 அம்பியர் வரை இழுக்கும். பற்றரியிலிருந்து நான்கு மீற்றர் தள்ளி 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில் பூட்டினால் அந்த நேரத்தில் 0.9 வோல்ற் வழியில் போய்விடும். பாதி இறங்கிய பற்றரியில் ஹீற்றருக்குக் கிடைப்பது 11 வோல்ற்றை ஒட்டியதாக இருக்கும். கருவி வோல்ற் போதாது என்று நின்றுவிடும். பலர் கருவி பழுது என்று நினைத்துக் கழற்றுவார்கள். 6 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு 0.23 வோல்ற் மட்டுமே. பியூஸ் அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ளபடியே போட வேண்டும்; பெரும்பாலும் அது 15 அல்லது 20 அம்பியராக இருக்கும். வயரும் அதைத் தாங்கும் பருமனில் இருக்க வேண்டும்.

இன்னொரு விடயம். ஹீற்றரை அதன் சுவிற்சால்தான் அணைக்க வேண்டும். அணைத்த பின் அதன் விசிறி சில நிமிடம் ஓடி, சூட்டை வெளியேற்றும். இடையில் பிரதான சுவிற்சைத் திருப்பி மின்சாரத்தைத் துண்டித்தால் உள்ளே தேங்கும் சூட்டில் கருவி பழுதாகும். அதன் புகைக்குழாய் படகுக்கு வெளியே, இறுக்கமான இணைப்புகளோடு போக வேண்டும். நிறமோ மணமோ இல்லாத காபனோரொட்சைட்டு வாயு உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும். அதை உணரும் எச்சரிக்கைக் கருவி உறங்கும் அறையில் இருப்பது கட்டாயம்.

பெற்றோலும் பற்றரி வாயுவும்

இங்கே மீண்டும் எங்கள் கரைக்கு வருவோம். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களும் பெற்றோலில்தான் கிளம்புகின்றன. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். ஒரு சுவிற்சின் சிறு பொறி போதும். பற்றரியும் பியூஸ் பெட்டியும் எரிபொருள் கானிலிருந்து இயன்றளவு தள்ளியும் உயரத்திலும் இருக்க வேண்டும்.

மின்னேற்றும்போது ஈயப் பற்றரி ஐதரசன் வாயுவை வெளியிடும். காற்றில் 4 வீதம் கலந்தாலே அது தீப்பற்றும். வீட்டுக்குள், மூடிய அறையில், குழந்தைகள் படுக்கும் இடத்தில் பற்றரியை மின்னேற்ற வேண்டாம். மின்னேற்றியை அணைத்த பின்னரே கவ்விகளைக் கழற்றுங்கள். படகிலிருந்து பற்றரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில், பூட்டும்போது எதிர்முனையைக் கடைசியில்.

கடலில் பியூஸ் எரிந்தால்

பியூஸ் எரிந்தால் அது ஒரு செய்தி. முதலில் அந்தக் கருவியின் சுவிற்சை அணையுங்கள். பம்ப் என்றால் அதற்குள் நைலோன் நூலோ பிளாஸ்ரிக்கோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சுழல முடியாத மோட்டோர் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே நிறப் பியூஸை ஒரு தடவை போடுங்கள். மறுபடி எரிந்தால் அந்த இணைப்பை அப்படியே விட்டுவிடுங்கள். பெரிய பியூஸ் வேண்டாம், சிகரெட் தாள் வேண்டாம், செப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். பம்ப் இல்லாவிட்டால் வாளியால் இறைக்கலாம். விளக்கு இல்லாவிட்டால் ரோர்ச் இருக்கிறது. தீப்பிடித்த படகுக்கு மாற்று இல்லை.

ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு மேலதிகப் பியூஸ், தனிப் பற்றரியுள்ள ஒரு ரோர்ச், திசைகாட்டி, உயிர்காப்பு அங்கி ஆகியவை நீர் புகாத ஒரு வாளிக்குள் எப்போதும் இருக்கட்டும். வானொலித் தொடர்புக் கருவி உள்ளவர்கள் ஆபத்து அழைப்புக்கான 16 ஆம் அலைவரிசையைப் படகில் உள்ள எல்லோருக்கும் காட்டிக் கொடுங்கள். கருவியை இயக்கத் தெரிந்தவரே கடலில் விழுந்தவராகவும் இருக்கலாம்.

2022 ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, கடற்றொழிலாளர் குடும்பங்கள் எல்லாச் செலவையும் குறைக்க வேண்டியிருந்தது. நல்ல வயரும் பியூஸ் பெட்டியும் அப்போது பட்டியலின் கடைசிக்குப் போயிருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முழு அமைப்பையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. இன்று பற்றரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஒரு பியூஸ் போடலாம். அடுத்த மாதம் உரசும் இடத்துக்கு இறப்பர் மாட்டலாம். அதற்கடுத்த நல்ல பாட்டுக்குப் பிறகு வயரை மாற்றலாம்.

அந்த ஐயாவின் படகில் இப்போது பியூஸ் பெட்டி இருக்கிறது. செப்புக் கம்பி சுற்றிய மகன்தான் அதைப் பூட்டியிருக்கிறார். கருகிய தழும்புக்கு மட்டும் ஏன் பூச்சு அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"அது கிடக்கட்டும் தம்பி," என்றார். "பொடியள் பார்க்கட்டும்."